புளோவரா, ஈர்க்கு விளக்குமாறா: வெள்ளவத்தையில் ஒரு சருகுக் கணக்கு

எங்கள் தொடர்மாடிக்குப் பின்னால் ஒரு மாமரமும், மதிலோரம் ஒரு நாட்டு வாதுமையும் நிற்கின்றன. சிங்களத்தில் கொட்டம்பா என்பார்களே, அந்த மரம். மாமரத்தால் தொல்லையில்லை, வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டும். வாதுமை அப்படியில்லை, வருடத்துக்கு இரண்டு தடவை இலையெல்லாம் சிவந்து மளமளவென்று கொட்டி மரமே மொட்டையாகிவிடும், ஒவ்வொரு இலையும் சோற்றுக்கோப்பை அளவு. அந்த நாட்களில் கார் நிறுத்துமிடம், கான், கேற்றடி எங்கு பார்த்தாலும் சருகுதான். கூட்டுகிறவர் ஒரே ஒருவர். ஐம்பதைத் தாண்டிய வயது, நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். போன மாதம் அவருக்கு இடுப்புப் பிடித்து நான்கு நாள் வரவில்லை. அந்த நான்கு நாளில்தான் நிர்வாகக் குழுவுக்கு ஞானம் பிறந்தது: ஒரு புளோவர், அதாவது சருகைக் காற்றால் ஊதித் தள்ளும் மெஷின், வாங்கிவிடுவோம்.

யோசனை சொன்ன அங்கிள் டொரண்டோவில் மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே ஒருவர் முதுகில் மெஷினைக் கொழுவிக்கொண்டு பத்தே நிமிடத்தில் முற்றத்தைத் துடைத்து வைத்தாராம். அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டும், கடைகளில் விசாரித்து வரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விலையை மட்டும் கேட்டுக்கொண்டு வந்திருக்கலாம். கேட்கப் போன இடத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லி, வீட்டுக்கு வந்து இரவிரவாக வாசித்து, இப்போது நான் நடுநிலையாளன் இல்லை. அதை முதலே சொல்லிவிடுகிறேன். பெற்றோல் புளோவர் வேண்டவே வேண்டாம், பற்றரி புளோவர் சில இடங்களுக்குச் சரி ஆனால் எங்கள் வளவுக்குத் தேவையில்லை, அக்காவின் இடுப்புக்கு வழி வேறு இடத்தில் இருக்கிறது.

பெற்றோலில் இருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதுதான் விலைக்கு வேகமான மெஷின், கூட்டத்தில் ஆதரவும் அதற்குத்தான். கடையில் காட்டியவற்றில் அநேகமானவை டூ ஸ்ட்ரோக். கொழும்பில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல்லைக் கேட்டாலே ஒரு மணம் மூக்குக்கு வர வேண்டும். பழைய ஆட்டோக்களின் பின்னால் நீலமாக ஒரு புகை வருமே, காலி வீதியில் அதன் பின்னால் மாட்டிக்கொண்டால் சட்டைக்கையால் மூக்கைப் பொத்துவோமே, அதே எஞ்சின் வகைதான். பெற்றோலோடு ஒயிலையும் கலந்து ஊற்ற வேண்டும், அந்த ஒயிலும் சேர்ந்தே எரிகிறது. அதைவிட மோசம், புதுப் பெற்றோல் உள்ளே வரும் வழியும் எரிந்த புகை வெளியே போகும் வழியும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதால், ஊற்றும் பெற்றோலில் கால்வாசியில் இருந்து மூன்றில் ஒரு பங்கு வரை எரியாமலே வெளியே போய்விடுகிறது. காசு கொடுத்து வாங்கிய பெற்றோலை ஆவியாக்கி அக்காவின் முகத்தில் ஊதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆவியில் பென்சீன் இருக்கிறது, மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதிசெய்யப்பட்ட பொருட்களில் அதுவும் ஒன்று. இந்தப் புகைக்காகத்தான் டூ ஸ்ட்ரோக் ஆட்டோ இறக்குமதியை 2008இல் இலங்கை நிறுத்தியது. வீதியை விட்டுத் துரத்திய எஞ்சினை இப்போது நாமே கேற்றைத் திறந்து உள்ளே கூப்பிடுகிறோம்.

எவ்வளவு புகை என்பதற்குக் கலிபோர்னியாவின் காற்றுவள சபை ஒரு கணக்குச் சொல்கிறது: தொழில்முறைப் பெற்றோல் புளோவர் ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால், 2017ஆம் ஆண்டு டொயோட்டா கேம்ரி ஒன்று சுமார் 1,770 கிலோமீற்றர் ஓடி வெளிவிடும் அளவு புகைமூட்டம் உண்டாக்கும் வாயுக்கள் வெளியாகும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போய் வர 800 கிலோமீற்றர் என்று வைத்தால், இரண்டு தடவை போய் வந்தும் மிச்சம் இருக்கிறது. இதை யாரும் கரியமில வாயுக் கணக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது எரித்த பெற்றோலின் அளவைப் பொறுத்தது, அதில் கார்தான் முன்னுக்கு நிற்கும். இங்கே பேசுவது நெஞ்சுக்குள் போகிற சமாசாரம், எரியாத ஐதரோகாபனும் நைதரசன் ஒட்சைட்டுகளும். கூட்டத்தில் யாராவது இரண்டையும் குழப்பி வாதாடினால் இதைச் சொல்ல வேண்டும் என்று தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன்.

அதே கலிபோர்னியா 2021இல் சட்டம் போட்டு, 2024இல் இருந்து இந்த மாதிரிச் சின்ன பெற்றோல் எஞ்சின்களின் புது விற்பனையை நிறுத்தும் வழிக்குப் போனது. வாஷிங்டன் நகரில் 2022 ஜனவரியில் இருந்து பெற்றோல் புளோவர் பாவிக்கவே தடை. அங்கே கைவிடுவதை இங்கே நாம் புதுசாகக் கண்டுபிடிக்கிறோம்.

சரி, சத்தம். எனக்கு உண்மையில் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். பெட்டியில் போட்டிருக்கும் டெசிபல் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். அமெரிக்க அளவுமுறையில் அந்த எண்ணை எடுப்பது மெஷினுக்கு 50 அடி, அதாவது சுமார் 15 மீற்றர் தள்ளி நின்று. அவர்களுடைய வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் அவ்வளவு இடம் இருக்கும். வெள்ளவத்தையில் 15 மீற்றருக்குள் மூன்று குடும்பம், ஒரு டியூஷன் வகுப்பு, ஒரு தையல் கடை. எங்கள் மதிலுக்கும் பக்கத்து வீட்டு யன்னலுக்கும் மூன்று மீற்றர்தான். தூரம் பாதியானால் சத்தம் சுமார் 6 டெசிபல் ஏறும், 15 மீற்றர் மூன்று மீற்றரானால் சுமார் 14 ஏறும். பெட்டியில் 70 என்று போட்டிருந்தால் பக்கத்து வீட்டு அம்மம்மாவின் யன்னலில் 84. இரண்டு பக்கமும் மதில் இருப்பதால் எதிரொலி வேறு.

1996ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் மாநகர சபைப் பகுதிக்குப் பகலில் எல்லையில் வைத்திருக்கும் அளவு 63 டெசிபல். சட்டம் பார்ப்பது ஒரு நேர அளவின் சராசரியை என்பதால் கொஞ்ச நேரம் ஓட்டினால் கணக்கில் எண் குறையும், நான் வழக்குப் போடச் சொல்லவும் இல்லை. ஆனால் 63 எங்கே, 84 எங்கே. டெசிபல் கூட்டல் கணக்கு இல்லை, 10 ஏறினாலே ஒலியின் சக்தி பத்து மடங்கு. இன்னொன்று, பெற்றோல் எஞ்சினின் சத்தத்தில் தாழ்ந்த அதிர்வெண் அதிகம், சுவரும் மூடிய யன்னலும் அதை ஒழுங்காக மறிக்காது. ஏ.சி. போட்டு யன்னலைச் சாத்திக்கொண்டு இருக்கிறவருக்கும் அந்த ஊம்ம் கேட்கும். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை, இரவு வேலை முடித்துக் காலையில் படுத்த தாதி, பாலுக்குப் பிறகு கஷ்டப்பட்டுத் தூங்கவைத்த குழந்தை, எல்லாம் இந்த ஒரே ஒழுங்கையில் இருக்கிறார்கள். ஜெர்மனியில் இருக்கும் என் மச்சாளிடம் கேட்டேன். அங்கே குடியிருப்புப் பகுதியில் புளோவர் என்றால் பொதுவாக வேலைநாட்களில் காலை 9 முதல் 1 வரை, பின்னேரம் 3 முதல் 5 வரை மட்டும், ஞாயிறில் பேச்சே இல்லை. நம்மவர்கள் அங்கே போய் அதைக் கடைப்பிடிக்கிறார்கள், இங்கே என்றால் காலை ஆறரைக்கே தொடங்கிவிடுவோம், எனக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டுக்காரரையாவது யன்னலைச் சாத்தச் சொல்லலாம். மெஷினைப் பிடிக்கிறவர் காதில் 95இல் இருந்து 100 டெசிபலுக்கு மேலும் போகும். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவகத்தின் கணக்கில் 85 என்றால் எட்டு மணி நேரம் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 என்றால் கால்மணி நேரம், அவ்வளவுதான். காதுக் கவசம் வாங்கிக் கொடுப்போம் என்றார் அங்கிள். ஏப்ரல் மாதப் புழுக்கத்தில் தலையில் காதுக் கவசம், முகத்தில் மாஸ்க், கண்ணாடி, முதுகில் பத்துக் கிலோ அளவு மெஷின். நான் அக்காவிடமே போய்க் கேட்டேன், முதுகில் போடும் மெஷின் வாங்கப் போகிறார்களாம், என்ன சொல்கிறீர்கள் என்று. "தம்பி, அத முதுகுல போட்டுக்கிட்டு நிக்கிறதுக்கே எனக்கு இடுப்பு வேணுமே" என்றார். கூட்டத்தில் இதுவரை அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

அடுத்தது தூசி. இதில் பெற்றோலும் பற்றரியும் ஒன்றுதான், காற்று காற்றுதான். நல்ல புளோவரின் வாயில் காற்று மணிக்கு 250, 300 கிலோமீற்றர் வேகத்தில் வருகிறது, சூறாவளிக்குக்கூட அவ்வளவு வேகம் எப்போதாவதுதான். சருகு மட்டும் பறக்கட்டும் என்று அதற்குச் சொல்லிக் கொடுக்க முடியாது. எங்கள் நிலத்தில் என்ன கிடக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். காலி வீதியில் இருந்து வரும் பிரேக் தூள், டயர்த் தூள், காகத்தின் எச்சம், பூனைகளின் வேலை, எலிப் புழுக்கை, பூஞ்சணம், செடிக்கு அடித்த மருந்து. கிடந்த இடத்தில் கிடந்தால் மழை கழுவும். ஊதிவிட்டால் மூக்கு உயரத்துக்கு வந்து, நுண்ணிய துகள்கள் நெடுநேரம் இறங்காமல் நிற்கும். தொய்வு (ஆஸ்துமா) உள்ள ஒரு பிள்ளையும், நெஞ்சு வருத்தக்கார ஐயா ஒருவரும் கீழ்மாடியில்தான் இருக்கிறார்கள்.

கொழும்புக் காற்று முன்பே பெரிதாகச் சுத்தம் இல்லை. நுண்துகள் பி.எம். 2.5க்கு நம் நாட்டு வருடாந்த எல்லை கனமீற்றருக்கு 25 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021இல் தன் எல்லையை 5 ஆக்கிவிட்டது. டிசம்பர் தொடங்கினால் வடகீழ்ப் பருவக்காற்று அயல்நாட்டுப் புகையையும் சேர்த்துக்கொண்டு வரும். 2022 டிசம்பர் 9ஆம் தேதி காற்று கெட்டுப்போய்ப் பள்ளிக்கூடங்களையே மூடினார்கள், பலருக்கு நினைவிருக்கும். இந்தியாவில் இருந்து வந்த காற்றுக்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. சொந்த முற்றத்துப் புழுதியைக் கிளப்பாமல் இருக்கலாமே.

விளக்குமாறும் தூசி கிளப்பாதா? கிளப்பும். காய்ந்த சீமெந்துத் தரையில் வேகமாகக் கூட்டினால் நன்றாகவே கிளப்பும், அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் அது முழங்காலளவில் எழும்பி ஓரளவில் இறங்கிவிடும், மூன்றாம் மாடிக்கு ஏறாது. அதோடு இதற்கு மருந்து நம் ஊர்களில் எப்போதோ கண்டுபிடித்தாயிற்று, தண்ணீர் தெளித்துவிட்டுக் கூட்டுவது. அம்மம்மா விடியற்காலையில் முற்றத்தில் செய்ததைத் தொடர்மாடிக்கு வந்ததும் மறந்துபோனோம்.

இனிப் பற்றரி. இதைப் பெற்றோலோடு ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை, எவ்வளவோ மேல். புகை இல்லை, ஒயில் கலக்கத் தேவையில்லை, இழுத்து இழுத்து ஸ்டார்ட் பண்ணும் தொல்லை இல்லை, அதிர்வும் குறைவு. மின்சாரம் நுரைச்சோலை நிலக்கரியில் இருந்து வந்தால் அங்கே புகைதானே என்று ஒருவர் கேட்டார். வாஸ்தவம்தான், ஆனால் ஒரு பற்றரிக்கு ஏற்றும் மின்சாரம் மிகக் கொஞ்சம், புகைபோக்கியும் நம் யன்னலுக்குக் கீழே இல்லை. சத்தமும் குறைவு, பெட்டியில் 60க்கு உட்பட்ட எண் போட்ட மெஷின்கள்கூட உண்டு. ஆனால் அந்த 15 மீற்றர் விளையாட்டை இங்கேயும் போட்டுப் பாருங்கள், 60 என்றால் மூன்று மீற்றரில் 74. அமைதியான மெஷின் என்று விற்பதும் எங்கள் ஒழுங்கைக்குள் வந்தால் அமைதி இல்லை.

பற்றரி ஒரு சார்ஜுக்கு ஓடுவது முழு வேகத்தில் பார்த்தால் அரைமணி நேரத்துக்கு உள்ளேதான், பெரிய பற்றரி வாங்கினால் இன்னும் கொஞ்சம். விலையில் பெரும் பங்கு அந்தப் பற்றரிக்கும் சார்ஜருக்கும்தான் போகிறது, லித்தியம் பற்றரி சூட்டில் சீக்கிரம் கிழடு தட்டும், எங்கள் மோட்டார் அறை அடுப்படி மாதிரி. கடற்கரை உப்புக்காற்று வேறு. வாங்குவதென்றால் உத்தரவாதம் பற்றரிக்கும் உண்டா, உதிரிப் பற்றரி இங்கேயே கிடைக்குமா என்று இரண்டு கேள்வியையும் ரசீது எழுதுவதற்கு முன் கேளுங்கள். வயர் போட்ட மின்சார மாதிரி ஒன்றும் காட்டினார்கள், மலிவு, ஈரத் தரையில் வயரை இழுத்துக்கொண்டு திரிவதை நினைத்து அதோடு விட்டுவிட்டேன்.

ஈரம் என்றதும் நினைவு வருகிறது. கொழும்பில் வருடத்துக்கு 2,400 மில்லிமீற்றர் அளவு மழை. புளோவர் விளம்பரத்தில் வரும் சருகெல்லாம் அப்பளம் மாதிரிக் காய்ந்த சருகு. மழைக்குப் பின் சீமெந்தில் ஒட்டிக்கொண்ட வாதுமை இலையைக் கடைக்காரர் ஓட்டிக் காட்டியபோது நானே பார்த்தேன், இலை ஒரு பக்கம் தூக்கிப் படபடத்துவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டது. கடைசியில் அந்தப் பையன் காலால் தட்டிவிட்டான்.

இவ்வளவு நேரம் நாம் பேசாத ஒரு விஷயம், ஊதிய சருகு எங்கே போகிறது என்பது. புளோவர் எதையும் அள்ளுவதில்லை, இடம் மாற்றுகிறது. மூலையில் குவித்தால் பிறகு ஒருவர் குனிந்து அள்ளிப் பையில் போட வேண்டும், அக்காவின் இடுப்பை முறிப்பதே அந்த வேலைதான். குவிக்காவிட்டால் கேற்றுக்கு வெளியே போகும், அல்லது கானுக்குள். கானுக்குள் போனால் அடுத்த மழைக்கு ஒழுங்கை முழங்கால் தண்ணீர். தேங்கினால் நுளம்பு. 2017இல் நாட்டில் 1 லட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது, எங்கள் மாடியிலேயே இரண்டு பேர் படுத்தார்கள். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்த்தால் சருகை விளக்குமாற்றால் தள்ளினீர்களா மெஷினால் ஊதினீர்களா என்று கேட்க மாட்டார், வழக்குத்தான்.

ஆகவே பத்து நிமிடத்தில் முற்றம் சுத்தம் என்ற கணக்கில் அள்ளும் நேரம், பெற்றோல் வாங்க ஓடும் நேரம், மெஷின் பழுதானால் கடைக்குக் கொண்டுபோகும் நேரம் ஒன்றும் சேரவில்லை. எங்கள் வளவு சின்னது, நாலு பக்கமும் மதில், நடுவில் கார்கள். ஊதினால் பாதி காருக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். விகாரமகாதேவி பூங்கா மாதிரி விரிந்த இடத்துக்கு, ஆட்கள் வருவதற்கு முன், பற்றரி மெஷின் என்றால் நான் வாயே திறக்க மாட்டேன்.

சரி, விளக்குமாறு என்றால் அக்கா இப்படியே குனிந்து சாக வேண்டியதுதானா? இல்லை. இதில்தான் நாங்கள் எல்லோரும் கொஞ்சம் வெட்கப்பட வேண்டும். அவரிடம் இருப்பது தேய்ந்து போன, கைப்பிடி குட்டையான ஈர்க்கு விளக்குமாறு. அள்ளுவதற்குக் கிழிந்த உரப்பை ஒன்று. திருநாவுக்கரசரை உழவாரத்தோடுதான் சிலையில் வைத்துக் கும்பிடுகிறோம், ஆனால் நம் வாசலைக் கூட்டுகிறவர் கையில் இருப்பது என்ன என்று ஒருநாளும் பார்த்ததில்லை. நான் கேட்கப்போவது இதுதான்: தோளளவு உயரமான கைப்பிடி போட்ட ஈர்க்கு விளக்குமாறு இரண்டு, மண் தரைக்கு ஒரு குப்பைவாரி, ஒரு படங்கு, ஒற்றைச் சில்லுத் தள்ளுவண்டி ஒன்று. சருகைப் படங்கின் மேல் கூட்டித் தள்ளி நாலு முனையையும் பிடித்து இழுத்தால் குனிந்து அள்ளும் வேலை பெரும்பாலும் போய்விடும். வாதுமை கொட்டும் அந்த இரண்டு பருவத்துக்கும் கூட ஒருவரைக் கிழமைக் கூலிக்கு வைக்கலாம். இத்தனையும் சேர்த்தாலும் கடையில் எனக்குச் சொன்ன நல்ல பற்றரி மெஷின் ஒன்றின் விலைக்குக் கிட்டவும் வரவில்லை.

அப்புறம், எல்லாச் சருகையும் ஏன் அகற்ற வேண்டும்? மாமரத்தடியில் மண் இருக்கிறது, அங்கே விழுவதை அங்கேயே விட்டால் ஈரம் காக்கும், மண்புழு வரும். பின்மதில் மூலையில் ஒரு கூட்டெருத் தொட்டி வைத்தால் மிச்சமும் அதற்குள் போகும். வீடுகளில் இருந்து வரும் மரக்கறிக் கழிவோடு காய்ந்த சருகு சேர்ந்தால்தான் நாற்றம் வராமல் மக்கும். மூடி வேண்டும், எலிக்கு. மழைநீர் தேங்கக் கூடாது, நுளம்புக்கு. வாதுமை இலை தடிப்பு, கிழித்துப் போட்டால் சீக்கிரம் மக்கும். எரிப்பது என்ற பேச்சே வேண்டாம். சென்ற வருடம் யாரோ ஒரு வளவில் பின்னேரம் சருகை எரித்து, உலர்த்தியிருந்த உடுப்பெல்லாம் புகை மணத்தோடு மடித்து வைத்தோம்.

எனக்குத் தீராமல் நிற்பது ஒன்றே ஒன்றுதான், கூரைப் பீலி. நான்காம் மாடிக்கு மேலே பீலியில் அடைபடும் சருகுக்கு நீளக் குழாய் பூட்டிய பற்றரி புளோவர் உண்மையிலேயே உதவும். ஏணியில் ஏறிக் கையால் அள்ளுவதைவிட ஆபத்தும் குறைவு. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, காலை பத்து மணிக்குப் பிறகு, கால்மணி நேரம். அதற்காக ஒன்றை வாங்கி வைப்பதா, பக்கத்து மூன்று தொடர்மாடிகளோடு சேர்ந்து பொதுவில் எடுப்பதா, அல்லது பீலிக்கு வலை போட்டுவிட்டு வேலையே இல்லாமல் செய்வதா என்று கேட்டிருக்கிறேன். அங்கிள் வலையின் விலையைக் கேட்டு வரச் சொல்லியிருக்கிறார். அதுவும் என் தலையில்தான்.